ஓடும் பேருந்தின் டேங்கிலிருந்தே ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்கலாமா?

கேள்வியின் சாரம் இது. ஓர் அறக்கட்டளை, 2012-இல் பதிவான பழைய டீசல் பேருந்து ஒன்றை வாங்கி, கிராமங்களுக்குச் சென்று கண் பரிசோதனை செய்யும் ஊர்தியாக மாற்றிக்கொண்டிருக்கிறது. இருக்கைகளை எடுத்துவிட்டு இரண்டு ஏ.சி., பரிசோதனைக் கருவிகள், விளக்குகள் ஆகியவற்றைப் பொருத்தி, அவற்றுக்கு மின்சாரம் தர 7.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரைப் பக்கவாட்டு டிக்கியில் வைத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டிய டீசலையும் பேருந்தின் 160 லிட்டர் டேங்கிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். பாடி கட்டும் பட்டறைக்காரர், எஞ்சினுக்குப் போகும் குழாயை அறுத்து நடுவில் ஒரு ‘டீ’ (மூன்று வாய் கொண்ட T வடிவ இணைப்பு) போட்டுவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். அது சரியா, இல்லை தனி டேங்க் வைப்பதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டேங்கைப் பகிரலாம், குழாயைப் பகிரக் கூடாது. ஜெனரேட்டருக்கென்று டேங்கின் மேற்புறத்திலிருந்து தனியாக ஓர் உறிஞ்சு குழாயை இறக்க வேண்டும். அந்தக் குழாய் எஞ்சினின் உறிஞ்சு குழாயைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரும் டீசலுக்கும் டேங்க் வரை தனி வழி வேண்டும். படப்பிடிப்புக் கேரவன்களுக்கும் நடமாடும் மருத்துவ ஊர்திகளுக்கும் இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். இந்த மூன்றில் ஒன்றை விட்ட வண்டிகள்தான் திரும்பத் திரும்பப் பட்டறைக்கு வந்திருக்கின்றன. இதில் புதுமையும் எதுவும் இல்லை. குளிர்நாடுகளில் லாரிகளில் டிரைவர் தூங்கும் அறையைச் சூடாக்க வைக்கும் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் போன்ற டீசல் ஹீட்டர்களோடு, டேங்குக்குள் இறக்குவதற்கென்றே ஒரு மெல்லிய தனிக்குழாயையும் சேர்த்துத் தருவார்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர்கூடக் குடிக்காத ஹீட்டருக்கே தனிக்குழாய் தரும்போது, உங்கள் ஜெனரேட்டருக்கு அது வேண்டாம் என்று சொல்ல முடியாது.

‘டீ’ ஏன் கூடாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். டேங்கிலிருந்து எஞ்சினின் ஃபீட் பம்ப் வரையிலான குழாயில் டீசலை யாரும் தள்ளுவதில்லை. பம்ப்தான் உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே அந்தக் குழாய்க்குள் இருப்பது அழுத்தம் அன்று, இழுவை. அதில் ஒரு கிளை சேர்த்தால், எஞ்சின் ஓடும்போது அந்த இழுவை ஜெனரேட்டர் பக்கத்துக் குழாயையும் அதன் ஃபில்டரையும் பம்ப்பையும் சேர்த்தே இழுக்கும். அங்கே எங்காவது மயிரிழை அளவு விரிசல் இருந்தால், எஞ்சின் அதன் வழியே காற்றைக் குடிக்கும். வண்டி நின்று ஜெனரேட்டர் மட்டும் ஓடும்போது இதுவே தலைகீழாக நடக்கும்: எஞ்சின் பக்கத்து வால்வுகள் தேய்ந்திருந்தால் அங்கே நின்ற டீசல் பின்வாங்கும், மாலையில் டிரைவர் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுமே தவிரப் பிடிக்காது. எல்லாம் புதிதாக, இறுக்கமாக இருக்கும் முதல் சில மாதங்களில் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் ‘டீ’ போட்டுக் கொடுத்தவர்கள் அதை நல்ல வேலை என்றே நம்புகிறார்கள்.

நானும் அப்படி நம்பியவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு படப்பிடிப்புக் கேரவனுக்கு இதே போல் ‘டீ’ போட்டுக் கொடுத்தேன். ஏறத்தாழ ஓராண்டு ஓடிய பிறகு, அந்த வண்டி ஏற்காட்டில் ஒரு சரிவில் இரவு முழுதும் ஜெனரேட்டர் ஓட நின்றிருக்கிறது. காலையில் எஞ்சின் எழவில்லை. சேலத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்பை) அழுத்தி அழுத்திக் கை சோர்ந்து உட்கார்ந்திருந்தார். காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் டீசலோடு கடுகு கடுகாகக் குமிழி வந்தது. ஒரு நிமிடம் நிற்கும், மறுபடியும் வரும். எஞ்சின் பக்கத்துக் குழாய் முழுவதையும் தடவிப் பார்த்தும் எங்கும் ஈரம் இல்லை. கடைசியில் கண்டது, ஜெனரேட்டர் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்துக்கு அடியிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்ததைத்தான். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை வெளியே சொட்டாது. காற்றை உள்ளே இழுக்கும். ஈரத்தைத் தேடுகிறவன் அதைக் கண்டுபிடிக்க மாட்டான். ஜெனரேட்டரின் பத்து ரூபாய் ரப்பர் வளையம் பேருந்தின் எஞ்சினை நிறுத்த வழி செய்து கொடுத்தது நான் போட்ட அந்த ‘டீ’தான். அன்றே அதை அறுத்தெறிந்து எஞ்சினின் பழைய குழாயை ஒரே துண்டாக மாற்றிப் போட்டேன். அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் ‘டீ’ போட்டதில்லை.

அடுத்தது குழாயின் நீளம். உங்கள் ஊர்தி காலையில் ஒரு கிராமத்துக்குப் போய், பள்ளி மைதானத்திலோ ஊராட்சி அலுவலக வாசலிலோ மாலை வரை நிற்கும். ஜெனரேட்டர் ஆறேழு மணி நேரம் ஓடும். இருட்டிய பிறகு மருத்துவரையும் செவிலியர்களையும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு குழாய்களும் ஒரே ஆழத்துக்கு இறங்கியிருந்தால், யாரும் கவனிக்காத ஒரு நாளில் ஜெனரேட்டர் டேங்கின் அடிவரை குடித்துவிடும். பெட்ரோல் பங்க் இல்லாத ஊரில் வண்டி நின்றுவிடும். ஜெனரேட்டரின் குழாய் குட்டையாக இருந்தால், மட்டம் அதன் வாய்க்குக் கீழே இறங்கியவுடன் அது தானாகவே நின்றுவிடும். எஞ்சினுக்கு வேண்டிய டீசல் அடியில் மிச்சமிருக்கும். மிதவையோ மின்சுற்றோ தேவையில்லாமல், ஒரு குழாயை எந்த இடத்தில் அறுக்கிறோம் என்பதால் மட்டுமே கிடைக்கும் பாதுகாப்பு இது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

எவ்வளவு குட்டையாக அறுப்பது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, டேங்க் 80 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட செவ்வகப் பெட்டி என்று கொள்வோம். அது சரியாக 160 லிட்டர், ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 4 லிட்டர். எஞ்சினின் உறிஞ்சு குழாய், வண்டலையும் நீரையும் தவிர்ப்பதற்காக அடியிலிருந்து 3 செ.மீ. மேலே நிற்கிறது என்றால், கீழே உள்ள 12 லிட்டரை எஞ்சினும் எடுக்க முடியாது. ஜெனரேட்டரின் குழாயை அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் நிறுத்தினால், அது நிற்கும்போது டேங்கில் 48 லிட்டர் இருக்கும். அதில் எஞ்சினுக்குப் பயன்படுவது 36 லிட்டர். லிட்டருக்கு 4.5 கி.மீ. என்று வைத்தால் ஏறத்தாழ 160 கி.மீ. ஓடலாம். உங்கள் முகாம்கள் தலைமையிடத்திலிருந்து 80 கி.மீ. தொலைவுக்குள் என்றால் இது தாராளம். மலைக்கிராமங்களுக்குப் போவதாக இருந்தால் இன்னும் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் டேங்க் படுத்த உருளை வடிவத்தில் இருந்தால் இந்த நேர்க்கணக்கு பொருந்தாது. உருளையில், உயரத்தில் கால் பங்கு மட்டத்தில் நிற்பது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குதான். கால் டேங்க் மிச்சம் என்று எண்ணி அறுத்தால் 40 லிட்டருக்குப் பதில் 32 லிட்டர்கூட முழுதாக இருக்காது.

அதனால் காகிதக் கணக்கோடு நின்றுவிடாமல் டேங்கையே அளந்துவிடுவது நல்லது. நான் செய்வது இதுதான். டேங்கை முழுவதும் வடித்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அளவு பார்த்த கேனால் ஐந்து ஐந்து லிட்டராக டீசலை ஊற்றுவேன். ஒவ்வொரு முறையும் சீவிய மூங்கில் குச்சி ஒன்றை டேங்கின் மேல்துளை வழியே செங்குத்தாக அடிவரை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுவேன். வெளுத்த மூங்கிலில் டீசல் ஏறிய கோடு தெளிவாகத் தெரியும். அறுபது லிட்டர் வரை கீறினால் போதும். டேங்கின் உட்புறத் தடுப்புத் தகடுகள், அடியிலுள்ள நெளிவுகள், எப்போதோ விழுந்த அமுக்கம் என்று எந்தக் கணக்கிலும் வராத எல்லாம் அந்தக் குச்சியில் வந்துவிடும். பிறகு நாற்பத்தெட்டாவது லிட்டருக்கு வேண்டிய இடத்தைக் குச்சியிலேயே குறித்து, அதை வைத்துக் குழாயை அறுப்பேன். குழாயின் நுனியை நேராக அறுக்காமல் சாய்வாக அறுத்து, அரத்தால் பிசிறு நீக்கி விடுங்கள். ஏதாவது குப்பை வந்து ஒட்டினாலும் வாய் முழுவதும் அடைபடாது.

குழாயை இறக்கும் இடமும் முக்கியம். முகாம் நடக்கும் மைதானம் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வண்டி நின்றால், 80 செ.மீ. நீள டேங்கின் ஒரு முனையில் மட்டம் 4 செ.மீ. ஏறும், மறு முனையில் 4 செ.மீ. இறங்கும். குழாய் முனையில் இருந்தால், வண்டி நிற்கும் திசையைப் பொறுத்து 16 லிட்டர் முன்னதாகவோ பின்னதாகவோ ஜெனரேட்டர் நிற்கும். நடுவில் இருந்தால் சரிவு எப்பக்கம் இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. வண்டி ஓடும்போதே ஜெனரேட்டரையும் ஓட்டி ஏ.சி. போடுவதாக இருந்தால், வளைவுகளில் டீசல் அலைமோதுவதால் மட்டம் குறித்த அளவை நெருங்குவதற்கு முன்பே ஜெனரேட்டர் திக்கித் திணறும். அதைக் கோளாறு என்று எண்ணிப் பிரிக்கத் தொடங்க வேண்டாம்.

இப்போது டேங்கில் துளை போடும் விஷயம். தயவுசெய்து இந்தப் பகுதியைப் பட்டறைக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். “டீசல்தானே, தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும்” என்று சொல்லிக்கொண்டே டேங்கில் டிரில் வைப்பவர்களையும், வெல்டிங் பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரக்குறிப்பு, டீசலின் ஆவி பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்கிறது. ஐரோப்பிய டீசலுக்கு இந்த அளவு 55 டிகிரி. கரூரிலோ வேலூரிலோ சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், தார்ச்சாலையின் அனலுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் நடுவே தொங்கும் டேங்கின் மேல்வெளியில் பற்றக்கூடிய ஆவி நிறைந்திருக்கலாம். அரை டேங்க் டீசல் இருக்கும் டேங்கைவிட, வடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த வெறும் டேங்க் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதில் முழுவதும் ஆவிதான். டேங்கை வண்டியிலேயே வைத்துக்கொண்டு துளையிடவும் வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம்.

டேங்கைத் தொடாமலேயே வேலையை முடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பெரும்பாலான டேங்குகளின் மேல் நடுப்பகுதியில், டீசல் அளவு காட்டும் மிதவை ஒரு வட்டத் தகட்டில் ஐந்து திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, மிதவையைத் தகட்டோடு கழற்றி, துளையை உடனே மூடிவிடுங்கள். பழைய தகட்டின் அளவிலேயே 4 அல்லது 5 மி.மீ. கனமுள்ள புதிய இரும்புத் தகடு ஒன்றைச் செய்து, மிதவைக்கான துளையோடு உறிஞ்சு குழாய்க்கும், திரும்பி வரும் டீசலுக்கான ரிட்டர்ன் குழாய்க்கும் இரண்டு துளைகளைப் பட்டறை மேசையில் வைத்துப் போடலாம். குழாய்களைப் பற்றவைப்பதும் அங்கேயே, டேங்கிலிருந்து வெகுதூரத்தில். பழைய கார்க் பேக்கிங்கைத் திரும்பப் போடாமல் டீசல் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் புதிதாக வெட்டிப் போடுங்கள். மூடுவதற்கு முன் மிதவைக் கையை மேலும் கீழும் முழுவதும் ஆட்டிப் பாருங்கள். அது உறிஞ்சு குழாயில் தட்டினால் கேஜ் முள் அரை டேங்கிலேயே நின்றுவிடும், டிரைவர் அதை நம்பி ஏமாறுவார். தகட்டில் இடமே இல்லை என்றால், டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, வடித்து, கழுவி, ஆவி முழுவதும் நீக்கி வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது மட்டுமே மாற்று வழி. அடியிலுள்ள வடிகால் போல்ட்டில் குழாய் மாட்டும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். அங்கே முதலில் வருவது நீரும் சேறும்தான். தவிர, அந்தக் குழாய் அறுந்தால் டேங்க் முழுவதும் சாலையில் கொட்டும்.

குழாய்க்கு 8 மி.மீ. உள்விட்டம் உங்கள் ஜெனரேட்டருக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதன் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள். சேஸிஸ் ஓரமாகப் போகும் நீண்ட பகுதியை இரும்புக் குழாயாகவும், இரு முனைகளில் அதிர்வு தாங்க வேண்டிய இடங்களை மட்டும் டீசலுக்கென்றே செய்யப்பட்ட வலையிட்ட ரப்பர் ஹோஸாகவும் வையுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை எங்கும் போடக் கூடாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்புப் போன்ற பிசினாகிப் ஃபில்டரை அடைக்கும். செம்புக் குழாய் வளைக்க வசதியானது, ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும், டீசலையும் சீக்கிரம் கெடுக்கும். தோட்டத்துக்குப் போடும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ட்யூப் இரண்டே கோடைக்குள் கட்டையாகிவிடும். மரைகளில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல்கள் பிரிந்து பம்ப்பின் வால்வில் போய் உட்காரும், டீசலுக்கு உகந்த பசை போதும். பேட்டரி கேபிளையும் டீசல் குழாயையும் ஒரே கட்டாகக் கட்டும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. கேபிளின் உறை தேய்ந்து இரும்புக் குழாயில் பட்டால் அந்த இடத்திலேயே பொறியும் டீசலும் ஒன்றுசேரும். இரண்டையும் சேஸிஸின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் இடைவெளி விட்டுத் தனித்தனிக் கிளாம்ப்பில் நிறுத்துங்கள்.

சிறிய ஜெனரேட்டரின் பம்ப், டீசலைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குத்தான் சிரமமின்றித் தூக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது தூக்க வேண்டிய உயரம் குறைவு. மட்டம் இறங்க இறங்க உயரம் கூடும். காலையில் நன்றாக ஓடிய ஜெனரேட்டர் மாலையில் திணறுவதற்கு இது ஒரு காரணம். டிக்கியின் தரைமட்டத்தையும் டேங்கின் அடியையும் அளந்து பாருங்கள். வித்தியாசமும் குழாயின் நீளமும் அதிகமென்றால், டேங்குக்கு அருகில் ஒரு மின்சாரப் பம்ப் வைத்துவிடலாம், ஏனென்றால் எந்தப் பம்ப்பும் இழுப்பதைவிடத் தள்ளுவதில் வல்லது. பம்ப்புக்கு முன்னால் நீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். வாங்கிய பேருந்து சில மாதங்கள் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்தால், அதன் டேங்கில் நீரும் பாசி போன்ற வழவழப்பும் நிச்சயம் இருக்கும். புதிய ஜெனரேட்டரின் ஊசித்துளை நாசில்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. டேங்கை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

ரிட்டர்ன் குழாயை எஞ்சினின் ரிட்டர்னோடு இணைப்பது ‘டீ’யின் இன்னொரு வடிவம்தான், எஞ்சின் திருப்பி அனுப்பும் டீசலின் அழுத்தம் ஜெனரேட்டர் பக்கம் ஏறும். தகட்டின் இரண்டாவது துளை வழியே தனியாகக் கொண்டுவாருங்கள். உள்ளே அதன் வாய் டீசல் மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். அப்போதுதான் வழியில் எங்காவது குழாய் அறுந்தாலும் டேங்க் சைஃபனாக வடியாது. உறிஞ்சு குழாய்க்கு எதிர்ப்பக்கம் வாயைத் திருப்பி வைத்தால், திரும்பி வரும் நுரையை அது உடனே உறிஞ்சாது. ரிட்டர்னில் மூடும் வால்வு எதையும் வைக்கக் கூடாது. யாரோ ஒருவர் அதை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால், டீசல் போக இடமின்றி இன்ஜெக்டர் பக்கத்து ஹோஸ்களைப் பிடுங்கிக்கொண்டு ஜெனரேட்டரின் சூடான எஞ்சின் மேல் பீறிடும்.

உறிஞ்சும் பக்கத்திலோ இரண்டு வால்வுகள் வேண்டும்: டேங்கின் மேலேயே, கை எட்டும் இடத்தில் கையால் மூடும் வால்வு ஒன்று, ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் மின்சாரத்தால் திறந்திருக்கும் சோலினாய்டு வால்வு ஒன்று. இரண்டாவது எதற்கென்று கேட்பார்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது அதன் மட்டம் ஜெனரேட்டரின் பம்ப்பைவிட உயரமாக இருந்தால், ஜெனரேட்டர் நின்ற பிறகும் டீசல் சைஃபனாக அதன்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். பம்ப்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருந்தால், இரவெல்லாம் டீசல் ஜெனரேட்டரின் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும். காலையில் ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கும்போது அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், அதை முகர்ந்து பாருங்கள்; டீசல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர்த்த ஆயிலில் பேரிங்குகள் தேய்வது ஒருபுறமிருக்க, சம்ப்பிலிருந்து அந்தக் கலவையையே குடித்துக்கொண்டு நிறுத்த முடியாத வேகத்தில் ஜெனரேட்டரின் எஞ்சின் ஓடிவிடவும் கூடும்.

குழாய்க்காகப் பேருந்தின் தரையில் துளை போடுவதாக இருந்தால் அதை மறுபரிசீலனை செய்யுங்கள். டீசல் குழாய் முழுவதும் தரைக்குக் கீழேயே போக வேண்டும். நோயாளிகள் அமரும் அறைக்குள் அதற்கு வேலை இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தரையிலிருந்த துளை வழியே உள்ளே ஏறியதே காரணம் என்று ஆராய்ந்த நிபுணர்கள் கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏ.சி.க்காகக் கதவு, சன்னல் எல்லாம் மூடிய அறையில் கண் சோதனைக்கு வந்த முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, டிக்கிக்கும் அறைக்கும் இடையில் மின்கம்பி போகும் துளை உட்பட ஒவ்வொரு துளையையும் தீத்தாங்கும் பசையால் அடைத்துவிடுங்கள். புகைக்குழாயின் வாய் சன்னல்களுக்குக் கீழே இல்லாமல் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நிற்கட்டும். அறைக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் மாட்டுங்கள்.

தனி டேங்க் பற்றிக் கேட்டீர்கள். அதுவும் தவறான வழி இல்லை. உங்கள் சுமைக்கு ஜெனரேட்டர் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். ஏழு மணி நேர முகாமுக்கு 10 முதல் 14 லிட்டர். 40 லிட்டர் டேங்க் ஏறத்தாழ மூன்று முகாம்களுக்கு வரும். ஆனால் அதை நிரப்ப மறந்த நாளில், பேருந்தில் 100 லிட்டர் டீசல் இருக்கும்போதே ஏ.சி. நின்றுபோகும், கேனில் வாங்கி டிக்கிக்குள் வைத்து ஊற்றும் பழக்கமும் மெல்ல வந்துவிடும். சூடான ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் புனல் வைத்து டீசல் ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. அறக்கட்டளைகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு: வண்டிக்கு எவ்வளவு டீசல், ஜெனரேட்டருக்கு எவ்வளவு என்று தணிக்கையாளர் கேட்பார். ஜெனரேட்டரில் ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டர் இருந்தால், ஒரு முழு நாள் சோதித்து மணிக்கு எத்தனை லிட்டர் என்று கண்டுகொண்டு பதிவேட்டில் பெருக்கி எழுதிவிடலாம். அதற்காகத் தனி டேங்க் தேவையில்லை. ஜெனரேட்டர் பெட்ரோலில் ஓடுவதாக இருந்தால் மட்டும் டீசல் இணைப்பு பற்றி நான் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது; அதை இந்த டிக்கிக்குள்ளேயே வைக்கக் கூடாது.

உங்கள் வண்டி, இன்ஜெக்டர்களுக்கு டீசலை அனுப்பும் பழைய இன்லைன் பம்ப் காலத்தது என்பதால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில், மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் அமைப்பு, துளிக் காற்றையும் ரிட்டர்னில் சிறு எதிரழுத்தத்தையும் பொறுக்காது. அவற்றில் டேங்கைத் தொடுவதற்கு முன் தயாரிப்பாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். எந்த வண்டியானாலும், மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முன் அனுமதி தேவை. இருக்கைகளை எடுத்து ஊர்தியின் வகையையே மாற்றும்போது எப்படியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகத்தான் போகிறீர்கள். ஜெனரேட்டரையும் டீசல் இணைப்பையும் அந்த விண்ணப்பத்திலேயே வரைபடத்தோடு காட்டி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டத்தை அவசரப்படாமல் செய்யுங்கள். ஜெனரேட்டருக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தெளிவான ட்யூபைத் தற்காலிகமாக மாட்டி, காற்றை முழுவதும் நீக்கி, அரை மணி நேரம் பாதிச் சுமையில் ஓட்டுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் ஓடும். பிறகு ட்யூபில் டீசல் இருப்பதே தெரியாத அளவுக்கு அசைவின்றி நிற்க வேண்டும். கடுகளவுக் குமிழி தொடர்ந்து வந்தால், ஜெனரேட்டரிலிருந்து டேங்கை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக இறுக்கிப் பாருங்கள். சரியான பிறகு அந்த ட்யூபைக் கழற்றி உரிய ஹோஸை மாட்டிவிடுங்கள். கடைசியாக, டேங்கில் 55 லிட்டர் மட்டும் விட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜெனரேட்டர் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். நின்றதும் மூங்கில் குச்சியை இறக்கி எத்தனையாவது கீறல் வரை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். உடனே பேருந்தின் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது திக்காமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். குச்சி காட்டிய லிட்டரையும் அதில் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதையும் டிரைவர் கதவின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதிவிட்டு, குச்சியை அவர் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொடுங்கள்.